நிரம்பி வழியாத குளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் அதைத் தெரியப்படுத்து, மற்றதெல்லாம் பிறகு. இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு அடங்கியிருக்கிறது, வாய் அடங்கவில்லை. எனக்கு இடது முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது கிறீச்சிடுகிறது, ஆஸ்பத்திரியில் அறுநூற்றுச் சொச்சம் கதவுக்கு எண்ணெய் போடுகிற தச்சனுக்குத் தன் முட்டிக்குப் போட வழியில்லை என்று எலும்பு டாக்டரே கிண்டல் செய்கிறார். உன் மாமா புதிதாக ஒரு பழைய வேன் வாங்கியிருக்கிறான், அது ஓடுகிற நேரத்தைவிட அதற்கு அடியில் அவன் படுத்திருக்கிற நேரம் அதிகம். வாராவாரம் போனில் பேசுகிற அப்பாவுக்கு இப்போது என்ன கடிதம் வேண்டியிருக்கிறது என்று நீ நினைப்பாய். போனில் நீ இடையில் ஒரு கேள்வி கேட்டால் நான் வைத்துவிடுவேன், முன்பு ஒருமுறை அப்படி வைத்தது உனக்கு மறந்திருக்காது. காகிதத்தில் அந்த வசதி இல்லை, அதனால்தான்.

விஷயம் சின்னவளின் கல்லூரி. நீ தேடிப் பிடித்துச் சொன்ன அந்த மலைக் கல்லூரியிலிருந்து போன மாதம் நேரில் வரச் சொன்னார்கள், நானும் அவளும் மாமா வேனில் போனோம். நாற்பத்திரண்டு வளைவு, ஒவ்வொரு வளைவிலும் உன் மாமா மலைமேல போய்ப் படிச்சாத்தான் படிப்பு மண்டையில ஏறுமா, கீழ படிச்சா முட்டியோட நின்னுடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு அந்த இடமே பிடிக்கவில்லை என்று நீ எண்ணிவிடக் கூடாது. பிடித்தது. மனதாரப் பிடித்தது. மொத்தமே இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள். முதல் இரண்டு வருஷம் எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள், நட்சத்திரம், பாட்டு, மண், கணக்கு, பழைய ராஜாக்கள் என்று, மூன்றாம் வருஷம்தான் எது தனக்கு என்று சொல்ல வேண்டும். வகுப்பில் பெஞ்சு கிடையாது, ஒரு நீள மேஜை, சுற்றிப் பதினொரு நாற்காலி, வாத்தியாரும் அதில் ஒன்றில் உட்கார்ந்துவிடுகிறார், யார் வாத்தியார் என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மேஜையைத் தடவிப் பார்த்தேன், பலகை சேர்ந்த இடத்தில் நகம்கூட நுழையவில்லை, பிள்ளைகளே செய்ததாம். நூலகத்துக்குப் பூட்டு இல்லை. சமையலும் பாத்திரம் தேய்ப்பதும் முறை வைத்து எல்லோரும் செய்கிறார்கள், வரலாறு சொல்லித்தருகிறவர் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு பையனோடு ஏதோ யுத்தத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், வெங்காயத்துக்கா யுத்தத்துக்கா என்று தெரியவில்லை. பதினெட்டு வயதில் உன்னை இப்படி ஓர் இடத்தில் விட்டிருக்கலாமே என்று அங்கே நின்று நினைத்தேன், நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல்வர் அம்மாவுக்கு என் வயது இருக்கும், முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் போட்டிருந்தார். மார்க் எதையும் கேட்கவில்லை. சமீபத்துல எந்த விஷயத்துல உன் எண்ணத்தை மாத்திக்கிட்ட என்று மட்டும் கேட்டார். நம்ம வாயாடி மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே யோசித்தாள். பிறகு சொன்னாள், எங்க அக்கா எங்க அப்பா மேல இருந்த கோபத்துலதான் அவ்வளவு தூரம் போயிட்டான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், இப்ப அப்படி நினைக்கல, அவளுக்குத் தூரம் பிடிக்கும், அவ்வளவுதான், என்று. முதல்வர் அம்மா சிரித்து, அன்றைக்கே இடம் கொடுத்துவிட்டார். நான் மேஜைக்கடியில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் நினைத்ததுதான் சரி என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அறையைப் பார்க்கப் போனோம். பெண் பிள்ளைகளுக்கு இரண்டு விடுதி, இவளுக்குக் கிடைத்தது கீழ் விடுதி. இரண்டு மாடி, பதினெட்டு அறை, முப்பத்தாறு கட்டில். நடுவில் நீளமாக ஒரு நடை, அதன் ஒரு முனை பள்ளத்தாக்கைப் பார்க்கிறது, இன்னொரு முனை மலையில் போய் முட்டுகிறது, அந்த மலை முனையில் கடைசி அறை இவளுடையது. ஒல்லியும் உயரமுமாக இருப்பதால் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிற மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தி வழிகாட்டினாள். அறைக் கதவு சிக்கியது. அவள் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து இடுப்பால் ஒரு இடி இடித்துத் திறந்தாள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வித்தை உண்டு அங்கிள், வந்த அன்னைக்கே கத்துக் கொடுத்துடுவோம் என்றாள். நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா. கல்யாணத்துக்குப் போனாலும் பையில் சின்ன இழைப்புளி இல்லாமல் போகாத ஆள். உட்காரக்கூட இல்லை, கதவைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி, இடிக்கிற மூலையைச் சீவி, மாட்டி, ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினேன். வழுக்கிக்கொண்டு திறந்தது. நடையில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள், சின்னவளுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

உள்ளே போனதும் ஒட்டடைக்குச்சி கட்டில் தலைமாட்டில் சுவரைக் காட்டி, காதை வச்சுக் கேளு, இந்த ரூம்ல மட்டும்தான் இது இருக்கு, எல்லாரும் இந்த ரூமுக்கு ஏங்குவாங்க என்றாள். சின்னவள் காதை வைத்தாள், அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தண்ணி ஓடுதுப்பா, உள்ளே தண்ணி ஓடுது என்றாள். நானும் காதை வைத்தேன். சுவருக்குப் பின்னால் மெதுவாக, நிற்காமல், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குழாய் எங்கே என்று கேட்டேன், அந்தப் பக்கம் குழாயே கிடையாதாம். சுவரில் உள்ளங்கையை வைத்தேன், ஈரம். அந்த மலையில் மழை பெய்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. சுவர் மூலையில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரிசல், அதன்மேல் யாரோ அழகாகக் கொடியும் இலையும் வரைந்து வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கையில் இருந்த மரச்சுருளைப் பார்த்தேன். காய்ந்து பொரியாக இருந்தது. கண்ணு, கதவு இரண்டு காரணத்தால் சிக்கும். மழையில் மரம் ஊதிச் சிக்கினால் விளிம்பு முழுக்க உரசும், வெயில் வந்ததும் தானாகச் சரியாகிவிடும். கதவு நன்றாகக் காய்ந்து கிடக்கும்போது ஒரு மூலையில் மட்டும் இடித்தால் கோளாறு கதவில் இல்லை, நிலைச் சட்டத்தில். நிலை கோணினால் சுவர் கோணியிருக்கிறது, சுவர் கோணினால் தரை நகர்ந்திருக்கிறது. இது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும், தெரிந்துகொண்டே வந்த வேகத்தில் சீவிவிட்டேன், கை பழக்கம். வெளியே வந்து இரண்டு மாடி நடையிலும் பன்னிரண்டு கதவுகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து அளந்து குறித்துக்கொண்டேன். எல்லாக் கதவும் ஒரே மூலையில் சீவப்பட்டிருந்தது, மேலே, மலைப் பக்கத்து மூலையில். அங்கே வருஷா வருஷம் பிள்ளைகள் தங்கள் கதவுக்குப் புது நிறம் அடிப்பார்களாம், அதனால் சீவிய இடத்தில் நிறங்கள் படிப்படியாகத் தெரிந்தன, மஞ்சள், நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை. ஐந்து வருஷம், ஐந்து சீவல். முதல் சீவல் அட்டைக் கனம்கூட இல்லை. கடைசிச் சீவல் என் சுண்டுவிரல் கனம் இருந்தது. ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன், குமிழி நடுவில் நிற்கவில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லித்தருகிற வாத்தியார் எங்களை விடுதிக்குப் பின்னால் மேலே கூட்டிப்போனார். நாற்பது படி ஏறினால் ஒரு குளம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளும் வாத்தியார்களும் சேர்ந்து, ஒரு வருஷம் முழுக்க, தினம் காலையில் இரண்டு மணி நேரம் மண் வெட்டித் தோண்டியது. ஆள் வைத்துத் தோண்டக் கூடாது, கையால் செய்கிற வேலையும் படிப்புதான் என்று முதல்வர் அம்மா சொன்னாராம், அவரும் கூடை சுமந்தாராம். சுற்றிக் கல் இருக்கை, வாத்துகள், ஒரு சின்னப் படகு. அழகான குளம். அந்த வாத்தியாரை நான் குறை சொல்லமாட்டேன், நல்ல மனுஷன், அவ்வளவு ஆசையோடு சொன்னார், எவ்வளவு மழை பெஞ்சாலும் இது ஒரு தடவைகூட வழிஞ்சதே இல்ல, எல்லாத்தையும் மலையே குடிச்சிடுது, என்று. குடிச்சிட்டு மலை ஆடாம இருந்தா சரி என்றான் உன் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழே பார்த்தேன். குளத்துக்கு நேர் கீழே அந்த விடுதியின் கூரை, கொடியில் பிள்ளைகளின் துணி காய்ந்துகொண்டிருந்தது. தரைக்குள் இறங்குகிற தண்ணீர் சும்மா இருக்காது, மகளே. எங்கே போகிறது என்பதை நான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

முதல்வர் அம்மாவிடம் திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தேநீர் வரவழைத்தார். கட்டடம் கட்டும்போதே பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது என்றார். அது எப்போது என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் குளம் வெட்டுவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அவரும் அந்தக் கணக்கைப் போட்டார் என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் என் கையைத் தட்டிக்கொடுத்து, பிள்ளையைத் தனியா விட்டுட்டுப் போகப்போற அன்னைக்கு எல்லா அப்பாவுக்கும் ஏதாவது ஒரு விரிசல் கண்ணுல படும், நான் எத்தனையோ அப்பாக்களைப் பார்த்திருக்கேன், என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். விரிசல்மேல் ஒரு காகிதத் துண்டு ஒட்டித் தேதி எழுதிவிட்டுப் போகிறேன், கிழிந்தால் விரிசல் அகலமாகிறது என்று அர்த்தம், எனக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்டேன், தாராளமாக ஒட்டிக்கோங்க என்றார். ஒட்டினேன், இறுக்கமாக, சுருக்கம் இல்லாமல்.

இறங்கும்போது வேனில் சின்னவளிடம் சொன்னேன், அந்த விடுதி வேண்டாம்மா, அந்த மலை நகருது என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, இது அக்காவுக்கு வந்த அதே மஞ்சள் காமாலையாப்பா என்றாள். உன் மாமா அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு வந்தான். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சொன்னதில் தப்பில்லை. நானே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய், அவ்வளவுதான்.

இப்போது சொல்கிறேன். உனக்கு அந்த ஓவியப் பள்ளியில் இடம் கிடைத்தபோது நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன் அல்லவா. பார்க்கவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி எதிர்க் கடையில் மூன்று தேநீர் குடித்தேன், வந்து நின்ற அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அங்கே தண்ணீர் சரியில்லை, விடுதியில் மஞ்சள் காமாலை, மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று சொன்னது அத்தனையும் வழியில் பஸ்ஸில் யோசித்து வைத்தது. உன்னைத் தூரத்தில் விடப் பயம், படம் வரைந்து எப்படிப் பிழைப்பாய் என்று பயம், பயத்தைச் சொல்ல வெட்கம், அதற்குப் பொய் சுலபமாக இருந்தது. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கணக்குப் படித்தாய். நாலு வருஷம் முன்னால் போனில், அந்த வருஷம் அங்க யாருக்குமே காமாலை வரலையாமேப்பா என்று நீ கேட்டாய், உன்னோடு வேலை செய்கிற பெண் அங்கே படித்தவளாம். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், நேரில் கேட்கத் தெம்பில்லாததால் எழுதிக் கேட்கிறேன். இந்த முறை நான் கடைசிவரை உள்ளே போனேன், என் பிள்ளை தலைவைக்கப் போகிற இடம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். புலி வருது புலி வருது என்று ஊரை ஏமாற்றியவன் கதையில், கடைசியில் புலி நிஜமாகவே வந்தது என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற அந்தப் பாராட்டுப் பத்திரம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மாடிப்படி இடிந்து விழுந்தது, நோயாளிகள் எல்லோரும் தப்பித்தார்கள், வார்டுக் கதவுகள் ஒன்றுகூடச் சிக்காமல் திறந்ததால்தான் இத்தனை பேரை வெளியே கொண்டுவர முடிந்தது என்று எனக்கு அந்தப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். அந்த நடையில் ஒன்பது கதவு. மூன்று வருஷமாக வருஷத்துக்கு ஒருமுறை சிக்கியது, மூன்று வருஷமும் நான் சீவினேன், ஒரே மூலையை. இரண்டாம் வருஷமே எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கென்ன, நான் தச்சன், சுவர் கொத்தனார் பாடு, மேஸ்திரி பாடு என்று இருந்துவிட்டேன். போய்ச் சொன்னால் உனக்கு உன் வேலை தெரியாதா என்பார்கள் என்று பயம் வேறு. சலவைத் துணி மடித்து அடுக்குகிற அம்மா ஒருத்தர் இருந்தார், தினம் பதினோரு மணிக்கு எனக்கு ஒரு தம்ளர் தேநீர் எடுத்து வைப்பார். அன்றைக்குத் துணி மூட்டையோடு அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை கேட்கக் கேட்க மூன்று வருஷம் நான் மணியின் நாக்கில் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் பத்திரம்.

போன செவ்வாய்க்கிழமை முதல்வர் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. உங்கள் மகளுக்கான கட்டிலும் அலமாரியும் தயார் என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியில், நீங்கள் ஒட்டிவிட்டுப் போன காகிதம் கிழிந்துவிட்டது, மெல்லிய காகிதமாக இருந்ததால் இருக்கலாம், கெட்டி அட்டையாகப் பார்த்து வேறொன்று ஒட்டி அதில் பழைய தேதியையே எழுதி வைத்திருக்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்று இருக்கிறது. நான் அதை மூன்று முறை படித்தேன். ஒட்டி இருபத்தாறு நாள்தான் ஆகியிருக்கிறது, ஒரு துளி மழை பெய்யாத இருபத்தாறு நாள். அதற்குக் கீழே இன்னும் ஒன்று, நீங்கள் சீவிக் கொடுத்த கதவைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வந்து தங்கி எல்லாக் கதவையும் சரிசெய்து தர முடியுமா, விடுதிக்கு அடியில் கருவிகள் வைக்கிற அறையில் ஒரு கட்டில் போட்டுத் தருகிறோம், என்று. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது அவர்களுக்கு. அந்தக் குளத்தை அவர்கள் கையால் வெட்டியிருக்கிறார்கள், அதனால் ஒரு கெடுதல் வரும் என்று அவர்கள் மனது யோசிக்க மறுக்கிறது, பெற்ற பிள்ளையைத் திருடன் என்று ஒருத்தன் சொன்னால் நாம் நம்புவோமா.

உன் அம்மா பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டாள், கம்பளி இரண்டு, சூடு தாங்குகிற குப்பி ஒன்று, பெட்டிமேல் சின்னவளின் பெயர் வேறு எழுதி வைத்திருக்கிறாள். சின்னவள் என்னோடு பேசுவதில்லை. நேற்று மட்டும் கேட்டேன், நான் என்ன செஞ்சா நீ நம்புவே என்று. அக்கா நம்பினா நானும் நம்புறேன், அவளைத்தானே நீ ஏமாத்தின என்றாள். நியாயம்தான். அவளை நான் அனுப்பமாட்டேன், அது வேறு விஷயம். பெட்டியை மறைத்தாவது, வாசலில் குறுக்கே படுத்தாவது நிறுத்திவிடுவேன், அவள் வாழ்நாளெல்லாம் என்னைத் திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும். ஊருக்கு வந்ததிலிருந்து இந்த ஒரு நினைப்போடுதான் இருந்தேன், என் பிள்ளையை நிறுத்திவிட்டால் போதும் என்று. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது, மற்ற அறைகளிலெல்லாம் இப்போதே ஆள் இருக்கிறது. ஒட்டடைக்குச்சி இருக்கிறாள். அவளுக்கும் எங்கோ ஒரு அப்பன் இருப்பான், அவனுக்குக் கதவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைகளை வாசலில் படுத்து நிறுத்த எனக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு யாராவது நம்புகிற மாதிரி எழுத வேண்டும், எனக்கு அந்த எழுத்து வராது, உனக்கு வரும்.

அதனால் இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் பார்த்த பன்னிரண்டு கதவின் அளவு, எந்த மூலையில் எவ்வளவு சீவியிருக்கிறது, ரசமட்டத்தில் குமிழி எவ்வளவு விலகியது, குளத்துக்கும் சுவருக்கும் எத்தனை அடி, விரிசலின் நீளம், காகிதம் ஒட்டிய தேதி, கிழிந்த சேதி வந்த தேதி, எல்லாம் எழுதியிருக்கிறேன். அப்பா சொல்கிறார் என்பதற்காக நம்பாதே. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் பாலம் கட்டுகிறவர் என்று சொன்னாயே, அவரிடம் இதைக் காட்டு, யார் எழுதியது என்று சொல்லாமல் காட்டு. அவர் சிரித்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது, பெட்டியை நானே தலையில் வைத்து மலை ஏற்றிக் கொடுத்து எல்லோர் முன்னாலும் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர் சிரிக்கவில்லை என்றால் அன்றைக்கே உட்கார்ந்து எழுது, முதல்வர் அம்மாவுக்கு ஒன்று, அந்த மலைக்குப் பொறுப்பான அதிகாரிக்கு ஒன்று, முடிந்தால் அந்த நண்பரின் கையெழுத்தோடு. சின்னவளுக்கு ஒரு போன் செய். உன்னால் அந்தப் பள்ளிக்குப் போக முடியாமல் செய்தவன் கேட்கிறேன், எனக்காக இல்லை.

கதவு வேலைக்கு வருகிறேன் என்று முதல்வர் அம்மாவுக்குப் பதில் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் லீவு சொல்லியாயிற்று, வியாழக்கிழமை கிளம்புகிறேன். உன் அம்மாவுக்கு அது வேலை என்று மட்டும் தெரியும். போய் ஒரு கதவையும் சீவமாட்டேன். தினம் காலையில் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சிக்குகிற கதவைச் சிக்கியபடியே காட்டுவேன், எவ்வளவு சிக்குகிறது என்று அந்தப் பிள்ளைகளையே அளக்கச் சொல்வேன், படிக்கிற பிள்ளைகள், அளந்தால் புரிந்துகொள்வார்கள். என்னைத் துரத்தும்வரைக்கும் அங்கே இருப்பேன். மழைக்கு இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள், அது சொல்லிக்கொண்டா வரும்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலையைக் கட்டிக்கொண்டு அழாதே. குழந்தையைப் படிக்கட்டுப் பக்கம் தனியாக விடாதே. வரைவதை அடியோடு விட்டுவிட்டாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை, விட்டிருந்தால் மறுபடி தொடங்கு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, பல காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உங்கள் தலைமேல் இருக்கும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பதிலை வீட்டு முகவரிக்கு எழுதாதே, மலைமேலே போனும் எடுக்காது. கல்லூரிப் பெயர் போட்டு, கீழ் விடுதி, அடித்தளம், கருவிகள் வைக்கிற அறை என்று எழுது. நான் அங்கேதான் படுத்திருப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா